எண்ணிக்கையில் ஒன்று கூடுதல்

எங்கள் வாசலில் அவருக்குப் 'பத்து நிமிஷம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அனுமதிச் சீட்டில் இருக்கிறது, பதிவேட்டில் எத்தனையோ தடவை நானே எழுதியிருக்கிறேன். ஆனால் கூப்பிடுவது என்னவோ இப்படித்தான். எந்த வேலையானாலும் சரி, "எவ்வளவு நேரமாகும்ணே?" என்று கேட்டால், "பத்து நிமிஷம் மேடம்" என்பார். பல்பு மாட்டவும் பத்து நிமிஷம், பாதிச் சுவரைப் பிரித்து ஒயர் இழுக்கவும் பத்து நிமிஷம். ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போனவர் மூன்றாம் நாள்தான் வேலையை முடித்தார். சொல்வதற்குக் காசா பணமா?

நான் சிறைச்சாலையின் இரண்டாவது வாசலில் காவலர். வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களின் சாமான்களை எண்ணி உள்ளே விடுவதும் எண்ணி வெளியே விடுவதும் என் வேலை. பத்தொன்பது வருஷமாக எண்ணுகிறேன். பட்டியலில் எழுதியதுதான் உள்ளே போகும், அதேதான் வெளியே வரும். 'அந்த அம்மா நம்ம பல்லைக்கூட எண்ணித்தான் உள்ளே விடும்' என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். பேசட்டும். எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்று இரண்டு தடவை கண்ணால் பார்த்தவள் நான்.

பத்து நிமிஷத்துக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆதியில் டிவி மெக்கானிக். முதுகு பெருத்த டிவிகளை வீடு வீடாகப் போய்த் திறந்தவர். டிவி மெலிந்து, கெட்டால் தூக்கிப்போடு என்ற காலம் வந்ததும் டிக்கெட் மெஷின், டோக்கன் மெஷின், எங்கள் ஸ்கிரீன் பெட்டி என்று பிழைப்பை மாற்றிக்கொண்டார். அவரிடம் இரண்டு கண்ணாடி. ஒன்று மூக்கில், ஒன்று நெற்றியில். எதைப் போட்டால் எது தெரியும் என்பதில் அவருக்கே குழப்பம். போர்டுகளோடு பேசுவார். "என்னடா ராசா, ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டேதான் திருகாணியைக் கழற்றுவார். ஒரு நாள் லாக்கரில் அவருடைய போன் விடாமல் அடித்தது. பொறுக்கமாட்டாமல் எடுத்தேன். அவர் மனைவி. உள்ளே வேலையாக இருக்கிறார் என்றேன். "தெரியும்மா, தகடுங்களக் கொஞ்சிக்கிட்டிருப்பாரு. என்கிட்ட நாலு வார்த்தை பேச மட்டும் வாய் வலிக்கும்" என்றார் அந்த அம்மா. நியாயமான கோபம்தான்.

ஸ்கிரீன் பெட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் பரவியபோது பார்வையாளர்களை உள்ளே விடுவதை நிறுத்தினார்கள். நிறுத்தியது நிறுத்தியதுதான். இப்போது பார்க்க வருகிறவர் என் மேசைக்கு அருகில் இருக்கும் கூடத்தில் உட்காருவார். கைதி உள்முற்றத்தை ஒட்டிய அறையில் உட்காருவார். நடுவில் நான்கு கதவு. இரண்டு பக்கமும் ஆளுயரப் பெட்டி ஒன்று, அதில் திரை, கேமரா, காதில் வைக்க ரிசீவர். கூடத்தில் மூன்று சாவடி உண்டு. முதல் இரண்டில் வெறும் போன். முகம் தெரிவது மூன்றாவதில் மட்டும்.

அன்றைக்குக் காலை எட்டே முக்காலுக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்க ஒரு நிமிஷம் ஆனது. விளக்கு வந்தது, மின்விசிறி வந்தது, வாசல் மணி வந்தது. ஸ்கிரீன் பெட்டி மட்டும் வரவில்லை. வேறொரு நாளாக இருந்தால் 'பழுது, நாளை வரவும்' என்ற அட்டையைத் தொங்கவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். அன்று அட்டையைக் கையில் எடுத்தேன், தொங்கவிட முடியவில்லை. கூடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

தையல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். மாதம் ஒரு தடவை தவறாமல் வருவாள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. உள்ளே இருப்பவன் அவள் அண்ணன். அவனும் அப்படித்தான். இருவரும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். அந்தக் கைப்பேச்சு பள்ளிக்கூடத்தில் படித்தது அல்ல. சின்ன வயதில் இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்டது. ஒரு முறை சைகை மொழி கற்றுத்தரும் டீச்சர் ஒருவரை வரவழைத்தோம். அரை மணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு எழவும் புரியலைங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எழுத்தும் இருவருக்கும் பெயர் எழுதும் அளவோடு சரி. ஆக, அந்தப் பாஷை உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் உள்ளே, ஒருத்தி வெளியே.

அவள் என்னிடம் ஒரு தாளை நீட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தது. 'இவளுடைய அண்ணனை இன்று மதியம் வேறு சிறைக்கு மாற்றுவதாக வக்கீல் சொன்னார். அங்கே போக இரண்டு நாள் ஆகும். திரையில் பார்க்கும் வசதியும் அங்கே இல்லையாம். எங்கே போகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. இவள் சொன்னால்தான் புரியும். தயவு செய்து பார்க்க விடுங்கள்.'

உள்முற்றத்து வார்டருக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷன்.

"அவனா? காலையிலேருந்து ஒரே சிரிப்பும்மா" என்றார். "போர்வையப் பக்கத்துல படுக்கறவனுக்குக் குடுத்துட்டான். சோப்பை இன்னொருத்தனுக்கு. எல்லாரையும் கட்டிப்பிடிச்சிட்டு வர்றான்."

"எதுக்கு?"

"விடுதலைன்னு நெனச்சிட்டான் போல. போன மாசம் அவன் செல்லுல ஒருத்தன் ரிலீஸ் ஆனான்ல, அவனுக்கும் இப்படித்தான் பையைக் குடுத்து, புத்தகத்துல கைநாட்டு வாங்கி, முற்றத்துக்குக் கூட்டிட்டு வந்தோம். இவனுக்கும் அதேதான நடக்குது இன்னைக்கு. நாங்க எவ்வளவோ காட்டிப் பாத்தோம். நாங்க காட்டறது அவனுக்கு எங்க புரியுது?"

அட்டையை வைத்துவிட்டு, நம்ம பத்து நிமிஷத்தை உடனே வரச் சொல்லிப் போன் போட்டேன். காரணம் உண்டு. முன்பு ஒரு தடவை கோர்ட்டுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தபோது, வீட்டுக்குப் போவதாக நம்பிக்கொண்டிருந்தவன் எங்கள் வாசலைப் பார்த்ததும் சுவரில் தலையை மோதினான். நெற்றி பிளந்தது. நான்கு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். அது தெரிந்த சிறை, தெரிந்த ஆட்கள். இன்று இரண்டு நாள் பயணம், முன்பின் தெரியாத காவலர்கள். பஸ்ஸுக்குள் அவனுக்கு விஷயம் புரிகிற நேரத்தில் என்ன செய்வான், அவனை என்ன செய்வார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. பஸ் பன்னிரண்டுக்கு. பதினொன்றரைக்கு விலங்கு பூட்டிவிடுவார்கள். மற்றவனுக்கு விலங்கு பூட்டினால் கை மட்டும்தான் போகும். அவனுக்கு வாயும் போகும்.

பத்து நிமிஷம் ஒன்பதே முக்காலுக்கு மூச்சிரைக்க வந்தார். எண்ணினேன். ஸ்க்ரூ டிரைவர் மூன்று, கட்டிங் பிளேயர் ஒன்று, மீட்டர் ஒன்று, டார்ச் ஒன்று, இடுக்கி ஒன்று, மாற்று மாட்யூல் ஒன்று, நெற்றிக் கண்ணாடி ஒன்று. மொத்தம் ஒன்பது.

"மூக்குல இருக்கறத எண்ணலியா மேடம்?"

"அது முகத்தோட சேந்தது. போங்கண்ணே, நேரமில்லை." போகிற போக்கிலேயே விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவள் மணிக்கட்டைத் தட்டி, எவ்வளவு நேரம் என்று கேட்டாள். அவர் இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலைக் காட்டினார். அவளுக்கு அவரைப் பற்றித் தெரியாது அல்லவா, நம்பிவிட்டாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெட்டியின் முதுகைத் திறந்தார். உள்ளே உள்ளங்கையை விடப் பெரிய போர்டு ஒன்று, அதன் மேல் சீட்டுக்கட்டுச் சீட்டில் பாதி அளவுக்கு ஒரு பச்சைத் தகடு. அந்தத் தகடுதான் மாட்யூல். முழுக் கம்ப்யூட்டரும் அதற்குள் அடக்கம், கீழே இருக்கும் பெரிய போர்டு அதற்குக் கரண்டும் கேமராவும் திரையும் சேர்த்துக் கொடுக்கிற வேலைக்காரன், அவ்வளவுதான். தகடு உயிரோடு இருந்தால் சிவப்பு விளக்கு நிலையாக எரியும், பச்சை விளக்கு மினுக்கும். அன்று சிவப்பு எரிந்தது. பச்சை செத்துக் கிடந்தது.

"கரண்ட் இருக்கு, பேச்சு மூச்சு இல்ல" என்று மீட்டரை வைத்தார். "அஞ்சு வோல்ட்டு சரியா வருது. பின்ன என்னடா உனக்கு?"

தகட்டைக் கழற்றினார், ஊதினார், திரும்ப வைத்து இரண்டு பக்கமும் டக் டக்கென்று அமுக்கினார். கரண்ட் கொடுத்தார். சிவப்பு மட்டும். கேமராவைப் பிடுங்கினார், ரிசீவரைப் பிடுங்கினார், திரையைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கொடுத்தார். சிவப்பு மட்டும். அந்தப் பெண் எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவர் திரும்பாமலே இன்னொரு முறை பத்து விரலைக் காட்டினார்.

"மேடம், லேப்டாப் வேணும். லாக்கர்ல இருக்கு. ஒரு ஒயர் மாட்டினா எங்க நின்னு தொலைக்குதுன்னு இதுவே சொல்லிடும்."

"பட்டியல்ல இல்லை."

"தெரியும். இப்ப எழுதிக்குங்க."

"கம்பெனி கடிதம் இல்லாம லேப்டாப் உள்ள வராதுண்ணே. நானா போட்டேன் சட்டத்த?"

இருந்தாலும் கண்காணிப்பாளருக்குப் போன் செய்தேன். பஸ்ஸோடு வந்திருந்த போலீஸாருடன் பேசிக்கொண்டிருந்தார். "கடிதம் கொண்டு வரச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். கம்பெனி மூன்று மணி நேர தூரத்தில் இருக்கிறது. ரிசீவரை அறைந்து வைத்தேன். யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை, எல்லார் மேலும் வந்தது.

மணி பத்து இருபத்தைந்து. மாற்று மாட்யூலை எடுத்தார். "நேத்துத்தான் வீட்ல ஓட்டிப் பாத்தேன். ஜம்முனு எந்திரிச்சது. இதுல எல்லாம் ஏத்தி வச்சிருக்கேன். இத மாட்டினா முடிஞ்சது." மாட்டினார். கரண்ட் கொடுத்தார்.

சிவப்பு மட்டும்.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கொன்னுட்டேன்" என்றார். "நானே கொன்னுட்டேன் மேடம். கீழ் போர்டுதான் கெட்டுப்போய்த் தகடக் கொன்னிருக்கு. அது தெரியாம நல்ல தகட எடுத்து அதே போர்டுல மாட்டினேன் பாருங்க. முப்பது வருஷம் இந்த வேலை பாத்தவன் பண்ற காரியமா இது? அளந்து பாக்காம மாத்தாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான்."

அந்தப் பெண்ணுக்கு எதுவும் கேட்காது. ஆனால் நெற்றியில் அடித்துக்கொள்வதற்குப் பாஷை எதற்கு? அவள் முகம் வெளிறிப்போனது. அவர் முன்னால் வந்து நின்று, மணிக்கட்டைத் தட்டினாள். அவர் கையைத் தூக்கப் பார்த்தார். தூக்கவில்லை.

அவள் என் மேசைக்கு ஓடி வந்தாள். ஸ்டியரிங் பிடிப்பது போல் காட்டி, வாசலைக் காட்டி, தன்னைக் காட்டினாள். பஸ் போகும்போது வாசலில் நிற்கிறேன் என்கிறாள். நான் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் காட்டினேன். பஸ் ஜன்னலில் கம்பி வலை என்று விரல்களைக் கோத்துக் காட்டினேன். புரிந்துகொண்டாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வந்தாலும் அவளுக்குக் கேட்கப்போவதில்லை. என் சர்வீஸில் கைதிகளுடைய சொந்தக்காரர்கள் அழுவதை எத்தனையோ பார்த்துவிட்டேன். இவள் அழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அண்ணே" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது. "செத்தது செத்ததுதான்னு உக்காந்துட்டா ஆச்சா? கொன்னது போர்டுன்னா, எந்த இடத்துல கொன்னுச்சுன்னு அளந்து பாருங்களேன். மீட்டர் எதுக்கு வச்சிருக்கீங்க, அழகுக்கா?"

முறைத்தார். ஆனால் மீட்டரை எடுத்தார். போர்டின் மேல் ஒவ்வொரு இடமாக ஊசியை வைத்தார். ஐந்து வோல்ட்டு சரி. மூன்றே சொச்சம் சரி. அடுத்தது சரி. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். எல்லாம் சரி. நேரம் பதினொன்றைத் தாண்டிவிட்டது.

"கொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்லையே" என்று முணுமுணுத்தார். "போர்டு ஒழுங்காத்தான் குடுக்குது. ரெண்டு தகடும் வாங்கிக்குது. சூடும் ஏறல. ரெண்டும் ஒண்ணா சாகாது. ரெண்டும் எதுக்கோ காத்துக்கிட்டு…"

பாதியில் நிறுத்திவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெற்றிக் கண்ணாடியை இறக்கினார். டார்ச்சைப் போர்டின் ஓரத்தில் அடித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அவரிடம் பார்த்ததில்லை.

"மேடம். போன தடவை நான் வந்தப்ப ஒண்ணு கூடுச்சே, நெனைவிருக்கா?"

நினைவு இருக்கிறதாவா! பதினைந்து நாளுக்கு முன்பு கேமரா ஒயர் மாற்ற வந்தார். உள்ளே போகும்போது எட்டு, திரும்பும்போது ஒன்பது. பெட்டியின் மூலையில் உளுந்தை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தொப்பி. ஜம்பர் என்றார். போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கம்பிகளைச் சேர்க்கிற சாமானாம். வேறு எங்கோ வேலை செய்தபோது பெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது, என்னுடையதுதான் என்று தலையால் அடித்துக்கொண்டு சொன்னார். நான் விட்டேனா? பட்டியலில் இல்லாதது வெளியே போகக் கூடாது, உள்ளே இருந்த பொருள் உள்ளேயே இருக்கட்டும் என்றேன். ஒரு உளுந்துக்குப் பதினைந்து நிமிஷம் சண்டை போட்டோம். கடைசியில், "உங்ககிட்ட மனுஷன் ஜெயிக்க முடியுமா?" என்று திரும்பப் போய், அதை அந்தப் போர்டிலேயே எங்கோ செருகிவிட்டு வந்தார். எண்ணினேன். எட்டு. எனக்குத் திருப்தி.

"காணாமப் போகாம இருக்கட்டும்னு சும்மா கிடந்த ரெண்டு கம்பியில செருகிட்டேன்" என்றார் இப்போது. "ஒத்தக் கம்பியில தொங்க விட்டிருக்கணும். எந்த மெக்கானிக்கும் அப்படித்தான் விடுவான். கோவத்துல, கண்ணாடி மாத்தாம, ரெண்டுலயும் சேத்துச் செருகிட்டேன். இந்த ரெண்டு கம்பியும் சேந்திருந்தா, 'நீயா எந்திரிக்காத, வெளியிலேருந்து லேப்டாப் வரும், அது சொல்றவரைக்கும் காத்திரு'ன்னு தகடுக்கு உத்தரவு. ஓடிக்கிட்டிருக்கற வரைக்கும் அத இது பாக்காது. புதுசா எந்திரிக்கும்போது மட்டும்தான் பாக்கும். பதினஞ்சு நாளா கரண்டே போகல. இன்னைக்குத்தான் போச்சு."

கெட்டது எதுவுமே இல்லை. காலையிலிருந்து இரண்டு தகடும் சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்கின்றன. நான் எண்ணிக்கை சேர வேண்டும் என்று அடம்பிடித்தேன், அவர் வீம்புக்குச் செருகினார். எங்கள் இரண்டு பேருடைய திமிருக்கு அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

இடுக்கியால் தொப்பியைப் பிடுங்கினார். கரண்ட் கொடுத்தார். பச்சை மினுக்கியது. ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு நிற்காமல். கேமராவையும் மற்றதையும் திரும்ப மாட்டினார். திரையில் எழுத்து ஓடத் தொடங்கியது. அந்தப் பெண் துள்ளி எழுந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் அதற்குத் தயாராக இல்லை. "இரும்மா, இரும்மா" என்று அவளுக்குக் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினொன்று இருபத்துநான்குக்கு உள்ளறை திரையில் வந்தது. காலி நாற்காலி. பின்னால் சுவர்.

வார்டருக்குப் போன் போட்டேன். "எங்க அவன்?"

"முற்றத்துக்குக் கொண்டு போயிட்டாங்கம்மா. போலீஸ்காரங்க சீக்கிரமா கெளம்பணுமாம். ஒரு கையில விலங்கு மாட்டியாச்சு."

"இன்னொரு கையில?"

"மாட்டப் போறாங்க."

யோசிக்க நேரமில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். மேசையில் பட்டியல் இருந்தது, பக்கத்தில் அவர் உள்ளங்கையில் அந்தக் கறுப்புத் தொப்பி இருந்தது. பட்டியலில் ஒன்பது. இப்போது கையில் பத்து. இது நான் ஜோடிக்கிற பொய் இல்லை, எண்ணிப் பார்த்தால் யாருக்கும் பத்துதான் வரும். வெளியாளின் சாமான் எண்ணிக்கை சேராவிட்டால், அது தீரும்வரை எந்த வாசலும் திறக்கக் கூடாது. கைதிகள் யாரும் நகரக் கூடாது. முற்றத்தில் இருப்பவர்களைப் பக்கத்தில் இருக்கிற அறையில் வைத்துப் பூட்ட வேண்டும். சட்டம். பத்தொன்பது வருஷத்தில் நான் அதை உபயோகித்தது இரண்டே தடவை.

"அண்ணே, எண்ணிக்கை சேரலைன்னு எழுதப்போறேன். உங்க பேர்லதான் எழுதணும். விசாரணை வரும். உங்க பாஸ் போயிடும்."

"எவ்வளவு நேரம் கெடைக்கும்?"

"கண்காணிப்பாளர் வந்து கையெழுத்துப் போடற வரைக்கும். பத்து நிமிஷம்."

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. "எழுது தங்கச்சி" என்றார். அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். எல்லா வாசலிலும் மணி அடித்தது. வார்டரின் போன் உடனே வந்தது. "என்னம்மா, என்ன குறையுது?"

"குறையலை. ஒண்ணு கூடுது."

"கூடுதா?"

"கூடினாலும் சட்டம் ஒண்ணுதான். முற்றத்துல இருக்கறவனப் பக்கத்து ரூம்ல வச்சுப் பூட்டணும். உங்களுக்குப் பக்கத்து ரூம் எது?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "ஸ்கிரீன் ரூம்தான்" என்றார். "கூட்டிட்டு வர்றேன்."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்கு மெமோ கொடுத்தார்கள், சம்பள உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது, போகட்டும். அவருடைய பாஸைப் பிடுங்கினார்கள். எங்கள் வாசலுக்குள் இப்போது அவருக்கு அனுமதி கிடையாது, வேறொருவர் வருகிறார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் இவர் சரியான நேரத்தைச் சொல்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை.

திரையில் கதவு திறந்தது. அவன் வந்தான். தோளில் பை. ஒரு மணிக்கட்டில் விலங்கு பூட்டியிருந்தது, அதன் மறுபாதி திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. தங்கையைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. பையைத் தட்டிக் காட்டினான். இரண்டு உள்ளங்கையையும் கூரை போல் சேர்த்துத் தலைக்கு மேல் வைத்தான். வீடு. மாதக் கணக்கில் பார்த்ததில் இப்படிப் பத்துப் பதினைந்து சைகை எனக்கும் தெரியும். வீடு, நான், வீடு என்று காட்டிக்கொண்டே இருந்தான். கை ஆடும்போதெல்லாம் விலங்கு கூடவே ஆடி மேசையில் மோதியது. அந்தச் சத்தம் எங்களுக்கு மட்டும் ரிசீவரில் கேட்டது.

அவள் அவனை முடிக்க விட்டாள். பிறகு அதே கூரையைத் தன் தலைக்கு மேல் வைத்து, இரண்டு கையையும் மெதுவாகப் பிரித்துக் கீழே இறக்கினாள். தலையை ஆட்டினாள். ஸ்டியரிங் பிடித்துக் காட்டினாள். கையை நீட்டி, இன்னும் நீட்டி, முடிந்த மட்டும் தூரத்தைக் காட்டினாள்.

அவன் சிரித்தான். விளையாடுகிறாள் என்று நினைத்தான் போல. இருவரும் எப்போதும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே இருப்பவர்கள். அவள் சிரிக்கவில்லை. திரும்பவும் காட்டினாள், முதலிலிருந்து, ஒவ்வொன்றாக. அவன் சிரிப்பு உடனே போகவில்லை. வாயில் கொஞ்ச நேரம் இருந்தது, கண்ணில் இல்லை.

'பத்து நிமிஷம்' சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். "நான் இத ஓட வைக்காம இருந்திருந்தா, இன்னும் ரெண்டு மணி நேரமாவது சிரிச்சுக்கிட்டே போயிருப்பான்ல?" என்றார்.

"போயிருப்பான். அதுக்கப்புறம்?" என்றேன்.

திரையில் அவன் சுவரைப் பார்த்தான். சுவர் பக்கத்திலேயே இருந்தது. வார்டர் இரண்டு அடி முன்னால் வந்து நின்றார். அவள் கண்ணாடித் திரையைப் படபடவென்று தட்டினாள், தட்டுவது அவனுக்குக் கேட்காது, ஆனால் அசைவு தெரிந்து திரும்பினான். அவள் தன் நெஞ்சைத் தொட்டு, நடப்பது போல் இரண்டு விரலை நகர்த்தி, அந்தத் தூரத்துக்கே கொண்டுபோய் நிறுத்தினாள். வருவேன். மறுபடியும் காட்டினாள். வருவேன். அவன் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான். நாற்காலியில் உட்கார்ந்தான்.

பிறகு அவன் குடை விரிப்பது போல் காட்டினான். குடை என்றால் அவர்களுக்கு ஒரு மழைக்காலம், ஒரு வருஷம். எத்தனை என்று கேட்டான்.

பொய் சொல்லிவிடு பெண்ணே என்று மனதுக்குள் கத்தினேன். இரண்டு என்று சொல், மூன்று என்று சொல், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவள் குடையை விரித்தாள். ஒரு கையின் ஐந்து விரலையும் இன்னொரு கையின் கட்டைவிரலையும் காட்டினாள். அதுதான் சரியான கணக்கு, எட்டு வருஷத் தண்டனையில் கழிந்த இரண்டு போக.

அவன் விலங்கு இல்லாத கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினான். கணக்குப் புரியவில்லையா, பேரம் பேசினானா, எனக்குத் தெரியாது. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவன் ஐந்து விரலையும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். அவள் மறுபடியும் தலையை ஆட்டினாள்.

விலங்கு தொங்கிய கையை அவன் மெதுவாகத் தூக்கினான். அதில் ஒரு விரலை நீட்டினான். அவள் ஆமாம் என்றாள்.